பூவம்மாள் டீச்சரின் மழைப் பாட்டில்

கட்டளைக்குடிப் பள்ளிக்கூடத்துக்குள் மேகம் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் பூவம்மாள் டீச்சரைப் பற்றி எதைச் சொன்னாலும் பாதிதான் விளங்கும்.

அன்றைக்கு டீச்சர் குத்தாலத்துச் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் கிடந்த ஐஸ் கட்டி ஒன்றை விலைக்கு வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது புடவை முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கண்டக்டர் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டீச்சர் நேரே ஏழாம் வகுப்புக்குள் நுழைந்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, ஊதுபத்தியைக் கொளுத்திப் புகையை உள்ளே விட்டு, ஐஸ் வைத்த தட்டால் வாயை மூடினார். ஜாடிக்குள் வெள்ளையாக என்னவோ சுருண்டது. தட்டை எடுத்ததும் அது விளிம்பைத் தாண்டி மெல்ல வழிந்து மேசைமேல் பரவியது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நீராவிக்கு உட்கார ஒரு இடம் வேணும். தூசியோ புகையோ, ஏதாவது ஒண்ணு. குளிரவும் வேணும். ரெண்டும் கிடைச்சா மேகம். இவ்வளவுதான் சமாச்சாரம், இதுக்குப் போயி வாயைப் பொளந்துகிட்டு நிக்கிறீங்களே" என்றார் டீச்சர். ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமை கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

அடுத்த ஒரு மாதம் ஊரில் ஒரு வீட்டிலும் சோற்றுப்பானை மூடி இருந்த இடத்தில் இல்லை. பிள்ளைகள் எல்லாம் மூடியைத் தலைகீழாகப் பிடித்துத் துளி எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாலு தாய்மார்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். டீச்சர் அவர்களையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தி அனுப்பினார்.

டீச்சர் இந்த ஊர்க்காரர் இல்லை. தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். அப்பா கட்டுமரம் ஏறியவர்; அம்மா மீன் கூடை சுமந்தவர். அந்தக் குப்பத்தில் முதன்முதலாக டீச்சர் டிரெயினிங் முடித்த பெண். காற்று திரும்பும் நேரம் தெரியாமல் கரையில் நிற்கிற பெண்கள் மத்தியில் வளர்ந்ததாலோ என்னவோ, வானத்தில் நடப்பதற்குக் காரணம் கேட்காமல் அவரால் இருக்க முடியாது. யாராவது "மழை அது இஷ்டத்துக்குப் பெய்யும்" என்று சொல்லிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இந்தக் கதைக்கு வேண்டியது மேகம் செய்த ஜாடி அல்ல, வேறொரு பாட்டில். காலி ஹார்லிக்ஸ் பாட்டில். அதன் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, ரப்பர் மேல் ஒரு தென்னை ஈர்க்கைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஈர்க்கின் நுனிக்கு எதிரே கோடு போட்ட அட்டை. வெளியே காற்று கனத்திருந்தால் ரப்பர் உள்ளே அமுங்கும், நுனி மேலே ஏறும். காற்று இளைத்துப் புயல் சின்னம் நெருங்கினால் ரப்பர் உப்பும், நுனி கீழே இறங்கும். சூடு பட்டாலும் ரப்பர் உப்பும் என்பதால் வெயிலே எட்டாத பின்சுவர் மாடத்தில் அதை வைத்திருந்தார். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எழுதும் பொறுப்பு தனபாக்கியத்துக்கு. அவள் மாரியப்பன் மகள். மாரியப்பன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். அறுபது குடும்பம் அவர் பேச்சைக் கேட்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் நுனி ஒரே நாளில் எட்டுக் கோடு இறங்கியது. ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. தனபாக்கியம் வீட்டில் போய்ச் சொன்னாள். மாரியப்பன் தாங்கள் குடியிருந்த வாய்க்கால் கரைத் தெருவில் சொன்னார். ஆடு மாடும் வைக்கோலும் மேட்டுக்குப் போயின. மறுநாள் அடித்த காற்றில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கொட்டகையே சரிந்து விழுந்தது. ஆனால் தெருவில் ஒரு உயிர்கூடச் சேதமில்லை. அன்றையிலிருந்து அதற்கு 'மழைப் பாட்டில்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்கு அடுத்து வந்தது தை மாதம்; சத்துணவுத் திட்டம் வந்ததற்கு மறு வருஷம். சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஆனால் கட்டளைக்குடி வயலில் ஒரு அரிவாளும் இறங்கவில்லை.

ஊரில் பாதி நிலம் மிராசுதார் துரைராசுவுடையது. சட்டப்படிப் பார்த்தால் அவர் பேரில் கொஞ்சம்தான்; மீதியெல்லாம் மாமனார் பேரில், மச்சான் பேரில், ஒரு கோயில் கட்டளை பேரில். கதர் காலத்தில் கதர் கட்டினார். அப்புறம் கரை வேட்டிக்கு வந்தார். ஆட்சி மாறியபோது கரையை மாற்றிக்கொண்டார். எந்தக் கரை கட்டினாலும் வரப்பில் நிற்கிற ஆள் அவரேதான். அறுக்கிற நெல்லில் கலத்துக்கு அரைப்படி கூலி கூட வேண்டும் என்று சங்கம் கேட்டது. கால்படிக்கு மேல் முடியாது என்றார் அவர். பதினோரு நாளாக வேலை நிறுத்தம். வாய்க்கால் கரைத் தெருவில் பொதுவாக ஒரு கஞ்சிக் கொப்பரை எரிந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குத்தாலத்தில் தாசில்தார் முன்னால் கடைசிப் பேச்சு. அதிலும் முடியாவிட்டால் சனிக்கிழமை விடிகாலை ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் வரும், கூடவே போலீஸும் வரும் என்று மிராசுதார் சொல்லியிருந்தார். அவர் அப்படிச் சொன்னால் செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியாள் அறுத்துவிட்டால் அறுபது குடும்பத்துக்கும் அந்த வருஷம் நெல்மணியே கிடையாது.

இந்த நேரத்தில்தான் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. திங்கள்கிழமை நுனி ஆறு கோடு இறங்கியிருந்தது. செவ்வாய் ஏழு. புதன் ஒன்பது.

முற்றிய கதிர் மேல் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று தஞ்சாவூர் ஜில்லாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பயிர் படுத்துவிடும், நெல் வயலிலேயே முளைத்துவிடும். மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும் என்றால் லாரியில் வருகிற ஆள் போதாது, மிராசுதார் எந்தக் கூலிக்கும் இறங்கி வருவார். புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் மாரியப்பன் தெருவைக் கூட்டிச் சொல்லிவிட்டார்: "கால்படிக்குக் கையெழுத்து கிடையாது. மழை வருது. ரெண்டு நாள் வயித்தைக் கட்டிக்கிட்டா அரைப்படி நம்மளது."

அந்தப் பேச்சு தெருவுக்குப் போவதற்கு முன்பே பாட்டில் சமாச்சாரம் மிராசுதார் காதுக்குப் போய்விட்டது. அதே புதன்கிழமை மத்தியானம் அவருடைய ஜீப் பள்ளிக்கூட வாசலில் நின்றது. செருப்போடு வகுப்புக்குள் வந்தார். மாடத்தைப் பார்த்தார்.

"இதுதானா டீச்சர் அது?"

"ஆமாங்க."

"நாளைக்குப் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இது சும்மா விளையாட்டுச் சாமான், இதை நம்பி யாரும் எதையும் முடிவு பண்ண வேணாம்னு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"குச்சி காட்டுறதைத்தாங்க நான் சொல்ல முடியும். எனக்காகவும் அது ஏறாது, உங்களுக்காகவும் இறங்காது."

துரைராசு சிரித்தார். "ஒன்றியத்துல ஒரு வார்த்தை போட்டாப் போதும் டீச்சர். ஒரத்தநாட்டுக்கு அந்தாண்டை, வாய்க்கால்னா என்னன்னு தெரியாத ஊரு ஒண்ணு இருக்கு. அங்க போயி பாட்டில் வைப்பீங்க."

"அங்கயும் காத்து இருக்கும்ங்க" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். துரைராசுவின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று ஜீப்புக்குப் போய்விட்டார். அன்று முழுக்க டீச்சருக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது. சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். அந்த மிதப்பு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

வியாழக்கிழமை சத்துணவு ஆயா அம்சத்துக்கு விறகு ஈரமாக வந்து சேர்ந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்து, பன்னிரண்டு மணிக்குத்தான் அடுப்பு பிடித்தது. சோறு இல்லாமல் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, ஒரு மணிக்குத் தனபாக்கியம் மாடத்துக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், ஏறிடுச்சு. பழைய கோட்டுக்கே வந்துடுச்சு."

டீச்சர் வந்து பார்த்தார். ஈர்க்கு, விடுமுறைக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்றது. புயல் விலகிப் போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். என்னவோ உறுத்தியது, சொல்லவில்லை. மூன்று மணிக்கு மறுபடி பார்த்தார். பத்துக் கோடு இறங்கியிருந்தது. வானம் இரண்டு மணி நேரத்தில் இப்படி ஊஞ்சல் ஆடாது. மாடத்துக்குள் கையை விட்டுச் சுவரைத் தொட்டார்.

சுவர் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

கொட்டகை விழுந்த பிறகு, பொங்கல் விடுமுறையில், சத்துணவு அடுப்பைப் பின் தாழ்வாரத்துக்கு மாற்றியிருந்தார்கள். சரியாக மாடத்துக்குப் பின்னால். அங்கே சுவர் ஒற்றைக் கல் கனம்கூட இருக்காது. டீச்சர் திங்கள்கிழமை அங்கே போய், "நல்ல இடமாப் பிடிச்சிருக்கே அம்சம்" என்று பாராட்டியிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. சூடு பட்டால் பாட்டில் பொய் சொல்லும் என்று பிள்ளைகளுக்கு நாலு தரம் பாடம் நடத்தியவர்தான். அம்சத்திடம் சொல்லி அடுப்பை அணைத்து, சுவரில் ஈரச்சாக்குப் போட்டார். அரை மணியில் ஈர்க்கு சமர்த்தாக மேலே ஏறியது.

மழை இல்லை. மூன்று நாளாக ஏழாம் வகுப்பு எழுதி வைத்தது அம்சத்தின் அடுப்பை.

டீச்சர் நேரே தலைமை ஆசிரியர் ஹபீப் முகம்மதுவிடம் போய்ச் சொன்னார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு ஒரு நாள் சி.எல். போட்டுட்டு ஊருக்குப் போயிடுங்கம்மா. ரெண்டு பக்கமும் உங்களை மென்னுடுவாங்க."

"போயிட்டா யார் சார் சொல்றது?"

"நீங்க இப்பச் சொன்னா எப்படித் தெரியும், யோசிச்சீங்களா? நேத்து மிராசுதார் வந்து மிரட்டினாரு. இன்னைக்குப் பாட்டில் பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. பணம் கை மாறிடுச்சும்பாங்க."

அது டீச்சருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் பொழுது இறங்குவதற்குள், பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைத் தெருவுக்குப் போய்விட்டார்.

சங்கக் கொடிக்கம்பத்தடியில் கஞ்சிக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. தட்டோடு வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். டீச்சர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மாரியப்பன் சொன்னார்:

"நேத்து ஜீப்பு உங்ககிட்ட வந்துச்சு. இன்னைக்கு நீங்க எங்ககிட்ட வந்திருக்கீங்க டீச்சரம்மா."

"என்னா குடுத்தாருன்னு கேளு!" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. யாரும் அவளை அடக்கவில்லை.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வாதாடவில்லை. பாட்டிலைத் தனபாக்கியத்தின் கையில் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்லலை. நீ பாரு. நீயே சத்தமாச் சொல்லு."

தனபாக்கியம் பாட்டிலைக் கொடிக்கம்பத்தின் மேடையில் வைத்துப் படித்தாள். "பதினெட்டு." அப்புறம் ஒரு உரலைத் தூக்கிப் போடச் சொல்லி, கொப்பரைக்கு இரண்டு முழம் தள்ளி அதன்மேல் வைத்தார்கள். தெருவே சுற்றி நின்றது.

"பதினேழு… பதினஞ்சு… பன்னெண்டு." அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. "ஒம்பது."

"துண்டு குடுங்க" என்றார் டீச்சர். மாரியப்பன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதை நனைத்துப் பாட்டிலைச் சுற்றினார்கள். ஈர்க்கு அசைந்தது. பத்து, பதின்மூன்று, பதினாறு. மேலே வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

"இது மழை இல்லப்பா. அடுப்பு" என்றாள் தனபாக்கியம். மூன்று நாளாக ஓடி ஓடி வந்து சொன்னவள் அவள்தான். அப்பா முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மாரியப்பன் டீச்சரைத் தனியே கூட்டிப் போனார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஹெட்மாஸ்டருக்கும் ஆயாவுக்கும்."

"மிராசுதாருக்கு?"

"தெரியாது."

"தெரிய வேணாம்மா. நாங்க நம்புனதைவிட அவரு அதிகமா நம்பறாரு. அந்தப் பயம் ஒண்ணுதான் இப்ப எங்க கையில இருக்கு. நாளைக்கு மூணு மணி வரைக்கும் நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"நானாப் போயி சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். "வந்து கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"எங்க வயித்துல அடிக்கிற உண்மைங்க அது."

மாரியப்பன் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை என்பதுதான் டீச்சரை வாட்டியது.

வெள்ளிக்கிழமை காலை சி.எல். கடிதம் எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் தரங்கம்பாடி வண்டி வந்து நின்றது. ஏறினால் முடிந்தது, கேட்க ஆளில்லாவிட்டால் சொல்லவும் வேண்டாம். ஆனால் ஒரு மணிக்குத் தனபாக்கியம் அந்த மாடத்துக்கு எதிரே தனியாக நிற்பாள். யாராவது அவளைக் கேட்பார்கள். அந்தப் பாரத்தைப் பன்னிரண்டு வயதுப் பெண் தலையில் ஏற்றிவிட்டு ஊருக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட முடியாது. வண்டி போய்விட்டது.

வகுப்பில் பாட்டிலை மாடத்திலிருந்து எடுத்து நடு மேசையில் வைத்தார். பாடம் நடத்தினார். என்ன நடத்தினார் என்று அவருக்கே நினைவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. எல்லார் காதும் வாசலில் இருந்தது. ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது.

துரைராசு இந்தத் தடவை செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். தூங்காத கண். நேரே மாடத்தைப் பார்த்தார், காலியாக இருந்தது. மேசையில் பாட்டிலைப் பார்த்தார்.

"இடம் மாத்திட்டீங்க போலருக்கு. சொல்லுங்க டீச்சர். மழை வருமா வராதா?"

தனபாக்கியம் எழுந்து நின்றாள். யாரும் எழச் சொல்லவில்லை. அவள் கண் டீச்சரிடம் கெஞ்சியது.

டீச்சர் யோசித்தார். தெரியாது என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அது பாதி. பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதும் பொய்தான் என்று இதே வகுப்பில் எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறார்.

"மழை வருமான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா பாட்டில் மூணு நாளாக் காட்டினது தப்பு. சுவருக்குப் பின்னால சத்துணவு அடுப்பு. அந்தச் சூட்டுல குச்சி இறங்கியிருக்கு. அது மழைக்கான அடையாளம் இல்லை. வேணும்னா நீங்களே வந்து சுவரைத் தொட்டுப் பாருங்க."

துரைராசு சுவரைத் தொடவில்லை. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் வெளுத்திருந்தது, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"சரி டீச்சர். நான் சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டீங்க. சந்தோஷம்" என்றார். வேகமாக இறங்கிப் போனார். ஜீப் குத்தாலம் பக்கம் பறந்தது.

தனபாக்கியம் உட்கார்ந்து மேசையில் தலை கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. டீச்சர் அவள் பக்கத்தில் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அறுபது வீட்டு அடுப்பையும் தானே அணைத்துவிட்டோம் என்று நினைத்தார். மணி மூன்றானது, நாலானது. பள்ளிக்கூடம் விட்டும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள்.

ஐந்து மணிக்கு ஹபீப் முகம்மது குத்தாலத்திலிருந்து சைக்கிளில் வந்தார். பேச்சுவார்த்தை முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தார். மூச்சு வாங்கியது.

"அரைப்படி" என்றார். "கையெழுத்து ஆயிடுச்சு. பத்தே நிமிஷம். மிராசுதாரே பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாரு. நாளைக்கு விடியறதுக்குள்ள ஆள் வயல்ல இறங்கணும்னு தாசில்தார்கிட்டக் கெஞ்சறாரு."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைத்தது, துரைராசுவின் காரியக்காரர் குத்தாலம் டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி பேசிய பேச்சு; அதையும் ஹபீப் முகம்மதுதான் கேட்டு வந்து சொன்னார். புதன்கிழமை அவ்வளவு திமிராகப் பேசியவள் வெள்ளிக்கிழமை நடுங்கிக்கொண்டு நேர்மாறாகச் சொல்கிறாள் என்றால், மிரட்டல் வேலை செய்திருக்கிறது. சொல்லச் சொன்னதை ஒப்பிக்கிறாள். அப்படியானால் குச்சி காட்டியதுதான் நிஜம். மழை வந்தே தீரும். மிரட்டி வாங்கிய சொல்லுக்கு என்ன மதிப்பு என்று துரைராசுவுக்குத் தெரியாதா? ஆயுசு முழுக்க அதைத்தானே வாங்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிகாலை அறுபது குடும்பமும் வயலில் இறங்கியது. தை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாரியப்பன் நாலைந்து பேரோடு டீச்சர் குடியிருந்த வீட்டுக்கு வந்தார். உடம்பெல்லாம் நெல் சுணை. முகம் மலர்ந்திருந்தது.

"அசத்திட்டீங்க டீச்சரம்மா! பொய்யே சொல்ல மாட்டேன்னு என்கிட்ட அவ்வளவு வீறாப்பாப் பேசிட்டு, அங்க போயி என்ன நடிப்பு! கை காலெல்லாம் நடுங்கிச்சாமே!"

"நான் நடிக்கலை மாரியப்பன். உள்ளதைத்தான் சொன்னேன்."

"ஆமாங்க, ஆமாங்க. உள்ளதைத்தான் சொன்னீங்க" என்று கண்ணைச் சிமிட்டினார் அவர். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாட்டில் பொய் என்று கொப்பரைப் பக்கத்தில் கண்ணால் பார்த்தவர்கள்தான். அதை மிராசுதாரிடம் அப்படியே போய்ச் சொல்லுகிற முட்டாள் உலகத்தில் இருப்பாள் என்று மட்டும் அவர்களால் நம்ப முடியவில்லை. அரைப்படி கிடைத்ததில் டீச்சருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அவர்கள் போன பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லாதவர் என்று இத்தனை நாள் சம்பாதித்த நல்ல பெயர், ஒரு உண்மையைச் சொன்னதால் போய்விட்டது.

திங்கள்கிழமை மாற்றல் கோப்பு ஒன்றியத்தில் நகர ஆரம்பித்துவிட்டதாக ஹபீப் முகம்மது சொன்னார். இரண்டு நாளாக வானம் வெளுத்தே கிடந்ததைப் பார்த்து மிராசுதாரும் டீச்சர் தன்னை ஏமாற்றிவிட்டதாகத்தான் நம்பினார். டீச்சர் கேட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

ஈரக்காற்றும் சூடும் பற்றிப் பாடம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அன்னைக்கு அடுப்புச் சூடுன்னு சொன்னீங்களே. அது மெய்யாலுமே சூடா, இல்ல மிராசுதாருக்காகச் சும்மா சொன்னதா?"

வகுப்பு களுக்கென்று சிரித்தது. கேலி இல்லை அதில், பிரியம்தான். எங்கள் டீச்சர் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் என்கிற சிரிப்பு. டீச்சர் தனபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். கொப்பரைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு கோடாகப் படித்தவள். அவளும் சிரிக்காமல், என்ன பதில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மிராசுதாரின் மிரட்டல் வலிக்கவில்லை, மாற்றல் வலிக்கவில்லை. இது வலித்தது. ஜாடியில் மேகம் காட்டினால்கூட இனி இந்தப் பிள்ளைகள் அதில் என்ன தந்திரம் என்றுதான் பார்ப்பார்கள்.

சாக்பீஸைக் கீழே வைத்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு தனபாக்கியத்திடம் போனார்.

"ரெண்டு உள்ளங்கையாலயும் பிடி. நல்லா இறுக்கி. குச்சியைப் பாரு, என்னைப் பாக்காதே."

தனபாக்கியம் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஈர்க்கு அசைந்தது.

"இறங்குது டீச்சர்."

"நான் சொன்னேனா?"

"இல்ல டீச்சர். கைச் சூடு."

"பக்கத்துல குடு" என்றார் டீச்சர்.

பாட்டில் அடுத்த கைக்குப் போனது. ஒருத்தர் பிடித்து, ஆற வைத்து, மறுபடி அடுத்தவர் பிடிக்க நேரம் பிடித்தது. யாருக்காகவும் டீச்சர் அவசரப்படவில்லை, யாரையும் தாண்டிப் போகவும் விடவில்லை. மணி அடித்தபோது இருபத்தாறு பேர் முடிந்திருந்தார்கள். மீதிப் பதினாறு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முடித்தவர்களும் போகாமல் சுற்றி நின்று ஈர்க்கின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.